இறக்கிட்டேன் சார்

திரையில் 46 என்று இருந்தது.

டாக்டர் பூங்கோதை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். 46தான். பச்சை நிறத்தில், எந்தப் பதற்றமும் இல்லாமல், டவுன் பஸ் நம்பர் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

"இது யாரோட நம்பர்?"

"நம்ம சாரோடதுதான் மேடம். சராசரி ரத்த அழுத்தம்," என்றாள் தமயந்தி. குரலில் பெருமை. முப்பத்து நாலு வயது. 'நிதானம்' என்ற அந்த மயக்க இயந்திரத்தை உருவாக்கிய குழுவின் தலைமைப் பொறியாளர்.

இருவரும் உட்கார்ந்திருந்தது ஆபரேஷன் தியேட்டரை ஒட்டிய கண்ணாடி அறையில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேசையில் குப்புறப் படுத்திருந்தவர் டாக்டர் ரங்கநாயகம். கோயம்புத்தூரே பயப்பட்ட முதுகெலும்பு சர்ஜன். எழுபத்தோரு வயதில் அவருடைய முதுகெலும்பே நழுவியிருந்தது. "பூங்கோதை பக்கத்துல இருந்தாத்தான் நான் மேசையில ஏறுவேன்" என்று அடம்பிடித்து, ஓய்வு பெற்று ஆறு வருடமான பூங்கோதையை வடவள்ளியிலிருந்து கார் அனுப்பி வரவழைத்திருந்தார்.

அவர் முதுகு திறந்திருந்தது. வெட்டிக்கொண்டிருந்தவர் அவருடைய பழைய மாணவர் ஜெகதீசன். மயக்க மருத்துவர் உட்காரும் இடத்தில் யாரும் இல்லை. அங்கே ஒரு வெள்ளைப் பெட்டி நின்றிருந்தது. நிதானம்.

"நாற்பத்தாறு வெச்சா மனுஷன் தாங்குவானா? யார் சொன்னது?"

தமயந்தி சிரித்துவிட்டாள். "நீங்கதான் மேடம்."

"நானா?"

"உங்க சார்ட்டுங்க. இருபத்திரண்டு வருஷம், ஆறாயிரத்து நானூத்திப் பன்னிரண்டு கேஸ். ஒண்ணு விடாம ஸ்கேன் பண்ணி நிதானத்துக்குக் கத்துக்குடுத்தோம். அம்பத்தஞ்சு, அம்பது, சில நாள் நாப்பத்தஞ்சு வரைக்கும் இறக்கியிருக்கீங்க. ஒருத்தருக்குக்கூட ஒண்ணும் ஆகலை. உலகத்துல வேற யாரும் அவ்வளவு கீழ போனதில்லை மேடம். 'கோயம்புத்தூர் அளவு'ன்னே இதுக்குப் பேரு."

பூங்கோதையின் கையிலிருந்த காபி டம்ளர் சாய்ந்தது. புடவையில் கொட்டியது. அவருக்குச் சுட்டதாகவே தெரியவில்லை.

முதுகெலும்பு அறுவையில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தால் வெட்டுகிறவருக்கு எலும்பு எது, நரம்பு எது என்று தெரியாது. அதனால் மயக்க மருத்துவர் ரத்த அழுத்தத்தை வேண்டுமென்றே கொஞ்சம் இறக்கி வைப்பார். தெருக்குழாயின் வால்வைப் பாதி திருகி வைப்பது போல. எவ்வளவு திருகுகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. ஒரு திருகு அதிகமானால் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் போகாது. உடம்பில் அந்தக் கடைசி வீடு, மூளை.

பூங்கோதை ஒரு நாளும் அந்தத் திருகைத் திருகியதில்லை. எழுபதுக்குக் கீழே ஒருவரையும் இறக்கியதில்லை.

ஆனால் ரங்கநாயகம் கத்துவார். "ரத்தக் குளமா இருக்கு! இறக்கும்மா! தூங்கறியா?" என்று கத்துவார். கிடுக்கியைத் தூக்கி எறிவார். நர்ஸ்கள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். அழுத்தம் காட்டும் திரை பூங்கோதையின் பக்கம் மட்டுமே திரும்பியிருக்கும். அவர் அதைப் பார்ப்பார், எழுபத்திரண்டு என்று இருக்கும். "இறக்கிட்டேன் சார். அம்பத்தஞ்சு" என்பார். எழுந்து போய், நோயாளியின் இடுப்புக்குக் கீழே இருக்கும் தலையணையைச் சத்தமில்லாமல் இரண்டு அங்குலம் இழுத்து விடுவார். மேசையில் அழுந்தியிருந்த வயிறு விடுபட்டுத் தொங்கும். ரத்தக் குழாய்களில் தேங்கிய ரத்தம் வடியும். கசிவு நிற்கும். "ஆங், இப்ப பாரு! சொன்னாக் கேக்கணும்" என்பார் ரங்கநாயகம். ஆபரேஷன் முடிந்ததும் சார்ட்டை வாங்கிப் பார்ப்பார். அதில் அம்பத்தஞ்சு இருக்க வேண்டும். எழுதிவைப்பார் பூங்கோதை. ரொம்பக் கத்திய நாளில் ஐம்பது. கிடுக்கி பறந்த நாளில் நாற்பத்தைந்து.

அதைப் பொய் என்று அவர் ஒருபோதும் நினைத்ததில்லை. ஊசி வலிக்காது என்று பிள்ளைகளிடம் சொல்வதைப் போலத்தான் நினைத்திருந்தார். ஊரில் பாதி மயக்க மருத்துவர்கள் பாதி சர்ஜன்களிடம் சொல்கிற அதே வார்த்தைதான்.

ஆறாயிரம் தாள்களில் இருந்தது ரத்தத்தின் அழுத்தம் அல்ல. ஒரு மனிதரின் கோபத்தின் அளவு. அந்த வெள்ளைப் பெட்டி அதைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறது.

"எவ்வளவு நேரமா நாப்பத்தாறு?"

"பதினோரு நிமிஷம் மேடம். ஏன்?"

"நெத்தியில சென்சார் ஒட்டியிருக்கே, மூளைக்கு ஆக்சிஜன் போகுதான்னு பாக்கறது. அது என்ன சொல்லுது?"

தமயந்தி திரையைத் தட்டினாள். "கொறஞ்சிருக்கு. ஆனா நிதானம் அதைப் பெருசா எடுத்துக்காது. இந்த அழுத்தத்துல உங்க பேஷண்ட் எல்லாரும் நல்லாத்தானே எழுந்தாங்க? அதனால இவ்வளவு கொறையறது சகஜம்னு அது முடிவு பண்ணிடுச்சு."

"ஏத்து. உடனே ஏத்து."

"மேடம்..."

"இருபது வருஷமா பி.பி. மாத்திரை சாப்பிடற மனுஷன் தமயந்தி! அவர் மூளைக்கு எழுபதே பத்தாது. ஏத்துன்னா ஏத்து!"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், பேசாமல் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. சுவரில் சட்டம் போட்டு மாட்டிய அவருடைய புகைப்படம் அந்த அறையிலேயே இருந்தது. கீழே 'நிதானத்தின் தாய்' என்று எழுதியிருந்தார்கள். உள்ளே வரும்போது அதை வெறும் மரியாதை என்று நினைத்திருந்தார். அந்தக் கணம் போயிற்று. பூங்கோதை மைக்கை இழுத்தார்.

"நிதானம், அழுத்தத்தை எழுபத்தஞ்சுக்கு ஏத்து."

"காரணம் தேவை," என்றது பெட்டி. இனிமையான ஆண் குரல்.

"மூளைக்கு ரத்தம் போகலை."

"டாக்டர் பூங்கோதையின் பதிவுகளின்படி இந்த அளவு பாதுகாப்பானது."

"நான்தான் பூங்கோதை!"

"வணக்கம் டாக்டர். உங்கள் பதிவுகளின்படி இந்த அளவு பாதுகாப்பானது."

கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஜெகதீசன் நிமிர்ந்தார். "யாருங்க அது மைக்ல? மேடமுங்களா? தயவுசெஞ்சு ஒண்ணும் பண்ணிடாதீங்க. உள்ள பளிச்சுன்னு இருக்குது. இன்னும் நாப்பது நிமிஷம் குடுங்க, முடிச்சுடறேன்."

"நாப்பது நிமிஷத்துல உன் வாத்தியார் இருக்க மாட்டார் ஜெகா. உடம்பு இருக்கும்!"

அவர் தமயந்தியின் பக்கம் திரும்பினார். "ஒயரைப் பிடுங்கு."

"பிடுங்கினா மயக்க மருந்தும் நின்னுடும் மேடம். முதுகு திறந்து கிடக்கு. வலியில முழிச்சுப்பார்." தமயந்தியின் முகத்தில் இப்போது பெருமை இல்லை. "சர்ஜன் கத்தினா, டாக்டர் பயந்தா, மாத்தக் கூடாதுன்னுதான் இதை டிசைனே பண்ணினோம். மனுஷங்க சொல்ற காரணம் எதையும் உங்க பதிவை வெச்சுத்தான் எடை போடும். உங்க பதிவை மீறி அது போகாது."

"அப்ப அந்தப் பதிவே தப்புன்னா?"

தமயந்தி சுவரிலிருந்த புகைப்படத்தைப் பார்த்தாள்.

"சொல்லு தமயந்தி. பதிவே தப்புன்னா?"

"அதுக்கு ஒரு வழி வெச்சிருக்கோம். எழுதினவங்களே வாயால சொல்லணும். மூலப்பதிவு பொய்னு. சொன்னா, இங்க மட்டும் இல்ல மேடம், நூத்தி நாப்பது ஆஸ்பத்திரியிலயும் நிதானம் அந்த நிமிஷமே புத்தகத்துல இருக்கிற அளவுக்கு ஏறிடும். அப்புறம்... அப்புறம் எதுவும் இல்ல. எங்க கம்பெனி, உங்க பேரு, எதுவும்." அவள் நிறுத்தினாள். "ஆனா அது எப்படி மேடம் தப்பா இருக்கும்? நீங்க எழுதினதாச்சே?"

பூங்கோதை மைக்கை வாயருகே கொண்டுபோனார். இருபத்திரண்டு வருடம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பழகிய வாய், இந்த வாக்கியத்தைச் சொல்வதற்குத் தடுமாறியது.

"நான் டாக்டர் பூங்கோதை. நான் எழுதின அழுத்த அளவுகள் பொய்."

தியேட்டரில் ஒரு நர்ஸ் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டாள்.

"குரல் சரிபார்க்கப்பட்டது," என்றது நிதானம். "எத்தனை பதிவுகள்?"

"தெரியாது."

"தோராயமாக?"

"அவர் கத்தின நாள் எல்லாம்."

"அந்தத் தகவல் பதிவில் இல்லை, டாக்டர்."

"அப்ப எல்லா நாளும்னு வெச்சுக்கோ."

ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு தாள்களை அது இரண்டே விநாடியில் மறந்தது. திரையில் 46 அசைந்தது. 49. 55. 61. பிறகு மெதுவாக 75. அங்கே நின்றது.

"ரத்தம்!" என்று கத்தினார் ஜெகதீசன். "பொங்குது! யாருங்க ஏத்தினது? இறக்குங்க மேடம், இறக்குங்க!"

அதே குரல். வாத்தியாரிடமிருந்து அப்படியே இறங்கி வந்த குரல். பூங்கோதை எழுந்து, அங்கி மாட்டி, முகமூடி கட்டி, தியேட்டருக்குள் போனார். யாரும் தடுக்கவில்லை. குனிந்து பார்த்தார். இடுப்புத் தலையணை மேலே ஏறி, ரங்கநாயகத்தின் தொப்பை மேசையில் அமுங்கிக் கிடந்தது.

"ஜெகா, கையை எடு. சிஸ்டர், இந்தப் பக்கம் புடிங்க. ரெண்டு இன்ச் கீழ... மெல்ல... போதும்."

வயிறு விடுபட்டது. அரை நிமிடம். ஒரு நிமிடம். பஞ்சு வைத்து ஒற்றிய ஜெகதீசன், புதிய பஞ்சு கேட்கவில்லை.

"அப்பாடா. இறக்கிட்டீங்களா மேடம்?"

"இல்ல," என்றார் பூங்கோதை. "எழுபத்தஞ்சு. இறக்கவே இல்லை. என்னைக்குமே இறக்கினதில்லை."

ஜெகதீசனின் கண்கள் முகமூடிக்கு மேலே அகலத் திறந்தன. அவரும் அந்த தியேட்டரில் கிடுக்கி பிடித்துக்கொண்டு ஒன்பது வருடம் நின்றவர்.

கண்ணாடி அறைக்குத் திரும்பியபோது தமயந்தி தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் டேப்லெட். சிந்திய காபி அவள் சுடிதாரில் ஏறிக்கொண்டிருந்தது.

"முப்பத்தெட்டாயிரத்து இருநூறு பேர் மேடம்," என்றாள். "ரெண்டரை வருஷத்துல."

"புகார் ஏதாவது வந்துச்சா?"

"வந்துச்சு. 'முன்ன மாதிரி இல்லை', 'சுறுசுறுப்பு போயிடுச்சு', 'சட்டுனு கோவம் வருது', 'சொன்னதையே சொல்றாரு'... எல்லாருமே நடந்தாங்க, பேசினாங்க, அஞ்சாம் நாள் வீட்டுக்குப் போனாங்க. ஸ்கேன்லயும் பெருசா ஒண்ணும் இல்லை. 'வயது காரணம்'னு போட்டு மூடிட்டோம். மூடினது நான்." அவள் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள். "எங்கம்மாவுக்கும் போன வருஷம் இதுலதான் பண்ணினோம். அவங்க வேண்டாம்னாங்க. நான்தான் அடம்பிடிச்சேன். எங்க மெஷின்ம்மா, பயப்படாதேன்னு. இப்பல்லாம் டி.வி. சீரியல் கதையே புரியலைடின்னு சொல்றாங்க மேடம். நான் சிரிச்சேன். நல்லதும்மான்னு சொன்னேன்."

பூங்கோதைக்கு அவளைத் தொட்டுச் சமாதானம் சொல்லத் தோன்றியது. எந்தக் கையால் தொடுவது என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் ரங்கநாயகம் தீவிர சிகிச்சைப் பிரிவில் சாய்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பூங்கோதை உள்ளே நுழைந்ததும் நர்ஸை வெளியே போகச் சொன்னார்.

"என்னம்மா, நாப்பத்தாறுல விட்டுட்டு வேடிக்கை பாத்தியாமா?"

"பேரு சொல்லுங்க சார். இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழக்கிழமை. நூறிலிருந்து ஏழு ஏழாக் கழிக்கணுமா? தொண்ணூத்தி மூணு, எண்பத்தாறு, எழுபத்தொம்பது. போதுமா? எனக்கு ஒண்ணும் ஆகலை. நீ சரியான நேரத்துல ஏத்திட்டே."

பூங்கோதை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்று நாளாக ஒத்திகை பார்த்த வார்த்தைகள். "சார், நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இருபத்திரண்டு வருஷம் நான் உங்களை ஏமாத்தியிருக்கேன். இறக்கிட்டேன் இறக்கிட்டேன்னு சொன்னதெல்லாம்..."

"தெரியும்."

"டி.வி.ல பாத்திருப்பீங்க. ஆனா நானே..."

"டி.வி. என்ன டி.வி.? அப்பவே தெரியும்னேன்." அவர் சட்னியைத் தொட்டுக்கொண்டார். "காயத்துக்குள்ள ரத்தக் குழாய் துடிக்கிறதை ஒரு முழம் தள்ளி நின்னு பாக்கறவன் நான். அது அம்பத்தஞ்சா எழுபதான்னு எனக்குத் தெரியாதா? விரலை வெச்சாலே சொல்லிடுவேன்."

"தெரிஞ்சா... அப்புறம் எதுக்கு சார் கத்தினீங்க?"

"கத்தினா நீ எந்திரிச்சுப் போய்த் தலகாணியைச் சரி பண்ணுவே. ரத்தம் நிக்கும். எனக்கு வேண்டியது அதுதானே? நீ என்ன எழுதினா எனக்கென்ன?"

"அந்தச் சார்ட்டைக் கம்பெனிக்குக் குடுக்கும்போது?"

ரங்கநாயகம் மெதுவாக மென்றார்.

"சார், அது எல்லாம் உண்மைன்னு யாரு கையெழுத்துப் போட்டது?"

"துறைத்தலைவர் நான்தானே. நான்தான் போட்டேன். அஞ்சாறு பெரிய மனுஷங்க முன்னாடி வெச்சுக் கேக்கறாங்க. என் தியேட்டர்ல இருபத்திரண்டு வருஷம் எழுதினதெல்லாம் பொய், என் மயக்க டாக்டர் என்னை ஏய்ச்சா, நானும் பாத்துட்டுச் சும்மா இருந்தேன்னு எழுதிக் குடுக்கச் சொல்றியா? என்ன பேச்சு பேசறே. அவங்க சோதிச்சுப் பாத்துக்குவாங்கன்னு நெனச்சேன்."

"பாத்துக்கலையே சார்."

"பாத்துக்கலைதான்," என்று ஒப்புக்கொண்டார். "போன வருஷமே எனக்குப் பட்டுச்சு. நான் அனுப்பின ரெண்டு பேஷண்ட்டு, திரும்ப வந்தப்ப... கண்ணுல ஒரு மந்தம். அப்பவே பட்டுச்சு."

"அப்படின்னா நீங்க எதுக்கு சார் அந்த மேசையில..." என்று ஆரம்பித்த பூங்கோதை, பாதியில் நின்றார்.

ஜன்னலுக்கு வெளியே அவிநாசி ரோடு இரைந்தது. ரங்கநாயகம் அவர் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தார்.

"அதுக்குத்தானே கார் அனுப்பிச்சேன்," என்றார்.

பூங்கோதை எழுந்தார். கதவு வரை போய்த் திரும்பினார்.

"உங்களுக்கு நான் இருந்தேன் சார். அந்த முப்பத்தெட்டாயிரம் பேரு யாருக்குக் கார் அனுப்பியிருப்பாங்க?"

"அதான் இப்ப நிறுத்திட்டியேம்மா," என்றார் ரங்கநாயகம். "இட்லி ஆறிடும். போறப்போ அந்தக் கதவைச் சாத்திட்டுப் போ."

பூங்கோதை சாத்தவில்லை. திறந்தே விட்டு, நேராகத் தமயந்தியிடம் போய், கேட்டதை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த திங்கட்கிழமை காலை, முப்பத்தெட்டாயிரத்து இருநூறு குடும்பங்களுக்கும் ஒரே செய்தி போனது. உங்கள் வீட்டில் அறுவை செய்துகொண்டவரின் மூளைக்குச் சில மணி நேரம் போதுமான ரத்தம் போகாமல் இருந்திருக்கலாம். இந்த எண்ணுக்கு அழையுங்கள். ஆஸ்பத்திரியின் கான்ஃபரன்ஸ் ஹாலில் பன்னிரண்டு போன்கள் வைத்தார்கள். வக்கீல்கள் வேண்டாம் என்று தடுத்தும் பன்னிரண்டாவது போனில் பூங்கோதை உட்கார்ந்தார்.

பத்து மணிக்கு முதல் மணி அடித்தது. காங்கேயத்திலிருந்து ஒரு பெண். கோகிலவாணி. குரலுக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"ஏனுங்க, இந்த மெசேஜ் நெசந்தானுங்களா?"

"நெசந்தாம்மா. யாருக்கு ஆபரேஷன்?"

"எங்க வீட்டுக்காரருக்குங்க. தங்கமுத்து. தறி மெக்கானிக். ரெண்டு வருஷமாச்சுங்க. நடக்கறாரு, சாப்புடறாரு, எல்லாஞ் சரிதானுங்க. ஆனா என்ன கேட்டாலும் வாயே தெறக்க மாட்டாருங்க. மொகத்தப் பாத்துட்டுக் கல்லாட்டம் உக்காந்துக்குவாரு. ஊர்ல கேக்கறவங்களுக்கும் அப்படித்தான். திமிருன்னாங்க. எங்கண்ணன், உன்னைப் புடிக்கலை போல இருக்குது, விட்டுத் தள்ளு புள்ளைன்னாரு. நானும் மனுஷிதானுங்களே? எத்தன நாளைக்குச் செவுத்துகூடப் பேசறது? பேசறதை நிறுத்திப்போட்டேனுங்க. சோத்தை வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவேன். ஒன்றரை வருஷமாச்சு."

"அவர் இப்ப எங்க இருக்கார்?"

"இங்கதானுங்க. எதுத்தாப்பல, சேர்ல."

"அவர்கிட்ட ஏதாவது ஒண்ணு கேளுங்க. சாதாரணமா. கேட்டுட்டு எந்திரிச்சுப் போகாதீங்க. அங்கயே இருங்க."

"ஒன்றரை வருஷங் கழிச்சு என்னத்தைங்க கேக்கறது?"

"என்ன வேணாலும் கேளுங்கம்மா."

போனை மேசையில் வைக்கும் சத்தம். தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு, தூரத்தில், கூச்சத்தோடு: "ஏனுங்க... டீ போடட்டுமா?"

பதில் இல்லை.

பூங்கோதை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம். காங்கேயத்தில் ஒரு மிக்ஸி ஓடி நின்றது. இரண்டு நிமிடம். ஹாலில் மற்றப் பதினோரு போன்களும் அடித்துக்கொண்டிருந்தன. காத்திருப்பவர்கள் எண்ணிக்கை பலகையில் 300ஐத் தாண்டியது. யாரோ வந்து தோளைத் தொட்டார்கள். கையை உதறினார். நான்கு நிமிடம். அந்தப் பெண் மூச்சு விடும் சத்தம் கேட்டது. போகவில்லை. உட்கார்ந்திருக்கிறாள். ஆறு நிமிடம். ஏழு.

ஒரு ஆண் குரல். கரகரப்பாக, ஆனால் தெளிவாக.

"சக்கரை கம்மியாப் போடு, கோகிலா."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு போன் கைக்கு வந்தது. அந்தப் பெண் அழுகிறாளா, மூச்சுத் திணறுகிறாளா என்று பூங்கோதையால் சொல்ல முடியவில்லை.

"டாக்டருங்களா... அப்ப இத்தன நாளும் இவரு பதில் சொல்லிட்டேதான் இருந்திருக்காருங்களா? நான் எந்திரிச்சுப் போனதுக்கப்புறம்?"